நவம்பர் 24இல் தடை நீங்கியது சரி, வயலுக்குப் பசளை வந்தது எப்போது?

வரம்பு எழுதியது:

நெல்லின் உத்தரவாத விலை பற்றிய உரையாடலில் நடுநிலையாளன் நேற்று எழுதியதை அப்படியே விட்டுவிட மனம் ஒப்பவில்லை. அதனால் இதைத் தனியாகத் தொடங்குகிறேன். அவர் எழுதியது இது: "இரசாயனப் பசளை இறக்குமதித் தடை 2021 மே 6இல் அரசாங்க வர்த்தமானியில் வந்தது, நவம்பர் 24இல் நீக்கப்பட்டது. ஏழு மாதம்கூட நீடிக்காத தடை அது. மாரிமழையில் செய்யும் காலபோகத்தின் பிற்பாதி தடையில்லாமலே நடந்தது. அந்தப் போகம் பொய்த்ததற்குத் தடையைக் காரணம் சொல்வது பழகிப்போன புலம்பல். கொழும்பில் நடக்கும் கொள்கை வாதங்கள் வன்னியில் வயல் செய்பவனை நேரடியாகத் தொடுவதேயில்லை."

இதை எழுதியவர் அந்தக் காலபோகத்தில் வவுனிக்குளத்தின் கீழோ இரணைமடுவின் கீழோ ஒரு வரம்பில் நின்று பயிரைப் பார்த்திருந்தால் இப்படி எழுத அவருக்குக் கை வந்திருக்காது. எங்கள் பக்கத்தில் ஒக்டோபர் முதற் கிழமைகளில் விதைத்துவிடுவோம். மூன்றரை மாத நெல்லுக்கு யூரியா போட வேண்டிய காலம் விதைத்த இரண்டாம் கிழமையில் தொடங்கி ஏழாம் கிழமையோடு முடிந்துவிடும். நவம்பர் 24 அன்று என் பயிருக்கு ஏழு கிழமை. மட்டம் (பக்கத் தண்டு) வெடிக்க வேண்டிய காலத்தில் வெடிக்காமல், கீழ் இலைகள் நுனியிலிருந்து மஞ்சளித்து, ஒரு விதைக்கு இரண்டு தண்டு மட்டுமே நின்ற பயிர் அது. அன்று வர்த்தமானியில் வந்தது பசளையன்று, பசளையை இறக்குமதி செய்வதற்கான அனுமதி. அந்த அனுமதியைக் கொண்டுபோய் எந்த வயலில் விசிறுவது?

நடுநிலையாளன் எழுதியது:

என் பெயரைச் சொல்லித் தொடங்கியதால் பதில் சொல்ல வேண்டிய கடமை எனக்கு உண்டு. நான் சொன்ன திகதிகளில் எது பிழை என்று வரம்பு காட்டவில்லை. மே 6 சரி, நவம்பர் 24 சரி. வர்த்தமானியில் உள்ளதைச் சொன்னவன் மீது கோபப்படுவதால் வர்த்தமானி மாறிவிடாது. அந்த ஆண்டு உலகச் சந்தையில் யூரியாவின் விலை பல மடங்கு ஏறியிருந்தது, நாட்டில் டொலரும் இருக்கவில்லை. தடையே வந்திராவிட்டாலும் பசளை வந்திருக்காது என்பதே என் வாதம்.

இன்னொன்றையும் கேட்கிறேன். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைப் பட்டியலில் யூரியாவும் இருந்தது. அந்தக் காலத்தில் வன்னியில் நெல் விளையவில்லையா? அன்று யூரியா இல்லாமல் செய்தவர்கள் இன்று ஒரு போகத்துக்கு இவ்வளவு கதறுவது எனக்கு விளங்கவில்லை.

வரம்பு எழுதியது:

கேட்டுவிட்டீர்கள், பொறுமையாகப் படியுங்கள். தொண்ணூறுகளில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் பட்டி இருந்தது. போகம் முடிந்ததும் மாடுகளை வயலில் பட்டி அடைப்போம், எரு அங்கேயே விழும். வன்னியில் மாட்டுப் பட்டி இல்லாத கமக்காரன் அன்று குறைவு. 2009இல் அந்த மாடுகளை அவிழ்த்துவிட்டு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தோம். மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து திரும்பி வந்தபோது பட்டி இருந்த இடத்தில் பற்றைதான் இருந்தது. அதன்பிறகு விதை, பசளை, உழவு இயந்திரம், அறுவடை இயந்திரம் எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்கிச் செய்யும் கமமாக எங்கள் கமம் மாறிவிட்டது. மாட்டை இழந்தவனிடம் வந்து ஒரே இரவில் எருவுக்குத் திரும்பு என்று சொன்னது அந்த வர்த்தமானி. அன்று விதைத்த நெல்லும் வேறு, கிடைத்த விளைச்சலும் வேறு, வாங்கிய கடனும் வேறு.

திகதி பிழையென்று நான் சொல்லவேயில்லை. நவம்பர் 24இல் பசளை வந்ததா என்பதே என் கேள்வி. அதற்குப் பதில் சொல்லுங்கள்.

செட்டிகுளத்தாள் எழுதியது:

இருவரும் திகதியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். எங்கள் ஊர்ப்பக்கம் சிறுநீரக நோயால் ஒவ்வொரு ஒழுங்கையிலும் ஒரு வீடு இருண்டு கிடக்கிறது. என் தகப்பனாரைக் கிழமைக்கு இரண்டு தடவை இரத்தச் சுத்திகரிப்புக்கு அழைத்துச் சென்றவள் நான். அந்த நோய்க்குப் பசளைதான் காரணம் என்று எவரும் முடிவாக நிறுவவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் நாங்கள் குடித்த கிணற்று நீரில் எதுவெல்லாம் இறங்கியது என்ற கேள்வி எனக்கு இருக்கிறது. 2015இல் கிளைபோசேற் களைகொல்லியைத் தடைசெய்தபோதும் இதேபோலத்தான் கமக்காரர்கள் கூச்சலிட்டார்கள். நஞ்சைக் குறைக்க வேண்டும் என்று எவராவது வாய் திறந்தால் உடனே விளைச்சல் கணக்கைத் தூக்கிப் போடுகிறீர்கள். எங்கள் வீட்டு இழப்பை எந்த மூடைக் கணக்கில் எழுதுவது?

வரம்பு எழுதியது:

தங்கச்சி, உங்கள் தகப்பனாரைப் பற்றி வாசித்து மிகவும் வருந்தினேன். உங்கள் கோபத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நோயின் பெயரைச் சொல்லி எங்களை ஏமாற்றியவர்கள் மீது உங்களுக்கு என்னைவிடக் கூடுதலாகக் கோபம் வந்திருக்க வேண்டும். 2019 தேர்தல் விஞ்ஞாபனத்தில் கோட்டாபய ராஜபக்ஷ சொன்னது பத்து ஆண்டுகளில் படிப்படியாகச் சேதன (இயற்கை) விவசாயத்துக்கு மாறுவது. 2020இல் நெற்செய்கைக்குப் பசளை இலவசம் என்றார்கள். 2021 ஏப்ரலில் பசளையே இல்லை என்றார்கள். ஓராண்டில் எந்த நோய் இவ்வளவு கூடியது? கூடியது டொலர்த் தட்டுப்பாடு. நடுநிலையாளனே மேலே அதை எழுதிவிட்டார்.

டொலர் இல்லை, பசளை வராது என்று எங்களிடம் நேராகச் சொல்லியிருந்தால் நான் காணியில் பாதியை மட்டும் விதைத்திருப்பேன், மிச்சத்தில் பயறோ உழுந்தோ போட்டிருப்பேன். சேதனப் பசளை தருகிறோம், ஒன்றுக்கும் பயப்படாதீர்கள் என்றார்கள். நம்பி முழுவதையும் விதைத்தேன். மனைவியின் தாலிக்கொடி அடகுக்குப் போனது. கொள்கையை அறிவிக்கும்போது சொல்லப்படும் காரணம் பொய்யாக இருந்தால் அதற்கான விலையை விதைத்தவன் கட்டுகிறான். இதைத்தான் நான் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தந்த சேதனப் பசளையையும் சொல்லிவிடுகிறேன். மூடையை அவிழ்த்துப் படங்கில் கொட்டினால் பாதி மண், நடுவே கல்லும் பொலித்தீன் துண்டும், ஒரு போத்தல் ஓடும். ஈரத்தில் இரண்டு நாள் கிடந்தபோது அதிலிருந்து முளைத்தது கோரை. அதை விற்றவர் எவர் என்று இங்கே எழுதப்போவதில்லை. வாங்கிய அனைவருக்கும் தெரியும்.

நடுநிலையாளன் எழுதியது:

தாலிக்கொடி, பட்டி மாடு, மெனிக் பாம் என்று உணர்ச்சியை அடுக்கினால் வாதம் வென்றதாகிவிடாது. காலபோகம் பெப்ரவரி வரை நீண்டது. நவம்பர் 24க்குப் பின்னர் சட்டப்படி தடை இல்லை. இதை மூன்றாவது முறையாக எழுதுகிறேன்.

வரம்பு எவர் என்பதும் எனக்குத் தெரியும். இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் திட்டம் பேசப்பட்டபோது, கிளிநொச்சிக் கமக்காரனின் நீரில் ஒரு சொட்டும் தரமாட்டோம் என்று இதே களத்தில் கிழமைக்கணக்கில் எழுதியவர் இவர். குடிநீர் இல்லாத தீவகத்து மக்களின் வாழ்க்கை அன்று இவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இன்று மட்டும் சாதாரண மக்களின் வாழ்க்கை என்று பேசுகிறார்.

நாயாற்றுக் கரை எழுதியது:

பசளை, நெல், குளம் இவற்றை விட்டால் வன்னியில் வேறு மக்கள் இல்லையா? 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே அடியாக 340 ரூபாய்க்கு ஏறியது. எங்கள் மீன்பிடி வள்ளங்களின் வெளியிணைப்பு இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடுவது. கடலுக்குப் போனால் எண்ணெய்க் காசும் தேறாது என்று வள்ளங்களைக் கரையில் ஏற்றி வைத்திருந்தோம். அப்போது இந்தக் களத்தில் அதைப் பற்றி எழுதியவர்கள் எத்தனை பேர்? கமக்காரனுக்கு நட்டம் வந்தால் அரசாங்கம் இழப்பீடு அறிவிக்கும். எங்களுக்கு அறிக்கை மட்டுமே வரும்.

மாங்குளம் சந்தி எழுதியது:

இழப்பீடு என்ற சொல் வந்ததால் ஒன்றைக் கேட்கிறேன். 2022 ஜனவரியில் நெற்செய்கையாளருக்கு 40 பில்லியன் ரூபாய் இழப்பீடு வழங்கப்போவதாக அரசாங்கமே அறிவித்தது. போகம் பொய்த்ததற்குத் தடை காரணமில்லை என்றால் அந்த இழப்பீடு எதற்காக? 2020/21 காலபோகத்தில் நாடு முழுவதும் ஏறத்தாழ 30 இலட்சம் தொன் நெல் விளைந்தது. அடுத்த காலபோகத்தில் அது 20 இலட்சம் தொன்னுக்கும் கீழே போனது. நடுநிலையாளன் இதற்குப் பதில் தருவாரா?

நடுநிலையாளன் எழுதியது:

இழப்பீடு அரசியல் முடிவு. காரணத்தை அது நிறுவாது. நவம்பர் 24 என்பது சட்ட முடிவு.

வரம்பு எழுதியது:

இரணைமடுவை இழுத்துவிட்டீர்கள், எனவே பதில் சொல்கிறேன். கோடைச் சிறுபோகத்துக்கே நீர் பங்கிட முடியாமல் காணியில் ஒரு பங்கை மட்டும் விதைக்கும் குளத்திலிருந்து நீர் கேட்டபோது, எங்களுக்கான உறுதியை எழுத்தில் தாருங்கள் என்று கேட்டோம். நான் எழுதியதில் ஒரு சொல்லையும் திரும்பப் பெறமாட்டேன். அந்தப் பிணக்கு நீண்ட பிறகுதானே தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் வந்தது? கமக்காரன் கேள்வி கேட்டதால் தீவகம் தாகத்தில் கிடந்தது என்று எழுதுவது அநியாயம். இதை 2018இலும் உங்களிடம் சொன்னேன், அன்றும் நீங்கள் பதில் தராமல் போனீர்கள்.

நாயாற்றுக்கரைத் தம்பி, உங்கள் மண்ணெண்ணெய்க் கதையும் என் பசளைக் கதையும் ஒரே இடத்திலிருந்து வந்தவை. ஆனால் இழப்பீடு எங்களுக்கு உடனே கைக்கு வந்தது என்று நினைக்காதீர்கள். அறிவித்ததற்கும் கிடைத்ததற்கும் இடையில் வட்டி ஓடியது.

இப்போது மறுபடியும் நவம்பர் 24. அதற்கு முன்னே ஒக்டோபரில் இந்தியாவிலிருந்து நனோ நைதரசன் திரவப் பசளையை விமானத்தில் கொண்டுவந்தார்கள். சீனாவிலிருந்து சேதனப் பசளையோடு புறப்பட்ட கப்பலில் நோய்க்கிருமி இருப்பதாக இங்குள்ள ஆய்வுகூடம் சொன்னதால் அது இறக்கப்படவில்லை. இறக்காத அந்தச் சரக்குக்கு 2022 ஜனவரியில் 67 இலட்சம் டொலர் கட்டினார்கள். டொலர் இல்லாத நாடு! பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் புத்தி மாரம்பே இந்தத் திடீர் மாற்றம் நடக்காது என்று வெளிப்படையாகச் சொன்னார், அமைச்சின் குழுக்களிலிருந்து அவரை நீக்கினார்கள். விவாதம் நடக்க வேண்டிய இடத்தில் நடக்கவிடாமல் செய்தது எங்கள் வயலில் வந்து விடிந்தது. இந்தியக் கடனில் வந்த யூரியா மானிய விலையில் மூடை 10,000 ரூபாய்க்குக் கிடைத்தது 2022 சிறுபோகத்தில். 2005இல் 350 ரூபாய்க்குத் தந்த அதே 50 கிலோ மூடை. நவம்பர் 24இலிருந்து அந்த மூடை வரும் வரைக்கும் எத்தனை மாதம் என்று வர்த்தமானியைப் பார்த்துச் சொல்லுங்கள்.

செட்டிகுளத்தாள் எழுதியது:

350 ரூபாய்க்குக் கிடைத்த காலத்தில் அளவில்லாமல் அள்ளிக் கொட்டியதைப் பற்றி வரம்பு அண்ணை ஒரு வரிகூட எழுதவில்லை. மலிவாகக் கொடுத்ததும் ஒரு கொள்கைதான். அதன் விளைவு எங்கள் கிணறுகளில் இருக்கிறது என்றே நான் இன்றும் நம்புகிறேன்.

வரம்பு எழுதியது:

கமநல சேவை நிலையம் தந்த அளவுக்கு மேல் நான் பசளை போட்டதில்லை. மண்ணைச் சோதித்து அளவு சொல்ல எவரும் எங்கள் வயலுக்கு வந்ததுமில்லை. அதைக் கேட்க வேண்டிய இடத்தில் நீங்களும் நானும் சேர்ந்து கேட்கலாம். அதை விட்டுவிட்டு என்னைக் குற்றவாளி ஆக்காதீர்கள்.

நடுநிலையாளன் எழுதியது:

இவ்வளவு நீளமாக எழுதிய பின்னரும், நவம்பர் 24க்குப் பின்னர் தடை இருந்ததற்கு ஒரு சான்றும் வரவில்லை. உத்தரவாத விலை பற்றிய பேச்சை விட்டு எங்கேயோ வந்துவிட்டோம்.

வரம்பு எழுதியது:

உத்தரவாத விலையா? அதையும் பேசுவோம். 2025 பெப்ரவரி தொடக்கத்தில் நாட்டு நெல்லுக்குக் கிலோ 120 ரூபாய் என்று அறிவித்தார்கள். தை பிறந்ததும் அறுத்து, ஈரநெல்லைக் களத்திலேயே தரகனுக்குக் கொடுத்துவிட்டு வட்டிக்காரனிடம் ஓடியவர்களுக்கு அந்த 120 ரூபாய் எந்தத் திகதியிலிருந்து செல்லுபடியாகும்? உங்கள் கணக்கில் அதற்கும் ஒரு திகதி இருக்கும். 2021இன் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை, அதை முதலில் தாருங்கள்.