தென்காசிச் சாலை உணவகத்தில் மின்வாகன சார்ஜிங் வசதி: எதை அமைப்பது, எப்படி வசூலிப்பது?

ஆலங்குளம் உணவகத்தார் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். திருநெல்வேலி–தென்காசிச் சாலையில் ஆலங்குளத்திற்குச் சற்று முன்னால் சைவ உணவகம் நடத்தி வருகிறேன். முன்புறத்தில் பதினைந்து கார்கள் நிற்கும் அளவுக்கு இடமும் இரண்டு வேப்பமரங்களும் உள்ளன. குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் கூட்டம் இருக்கும். மற்ற மாதங்களில் வியாபாரம் சுமார்தான்.

சென்ற ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அருவியில் குளித்துவிட்டுத் தூத்துக்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு குடும்பம் சாப்பிட வந்தது. காரில் சார்ஜ் குறைந்துவிட்டது, சாப்பிடும் நேரத்தில் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். கைக்குழந்தையோடு வந்தவர்களிடம் இல்லையென்று சொல்ல மனம் வரவில்லை. கிரைண்டருக்குப் பக்கத்திலிருந்த 15 ஆம்பியர் சாக்கெட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுத்துக் கொடுத்தோம். முக்கால் மணி நேரத்தில் சமையலறையில் பிளாஸ்டிக் கருகும் வாடை எழுந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் சாக்கெட்டின் வலது துளையைச் சுற்றிக் கறுத்துப்போயிருந்தது. பிளக்கில் கை வைக்க முடியவில்லை. மெயினை அணைத்த பிறகுதான் கழற்றினோம்.

அன்றிலிருந்து வாரம் இரண்டு பேராவது கேட்கிறார்கள். முறையாகச் செய்துவிட வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். மெதுவாக ஏற்றும் கருவி போதுமா, வேகமாக ஏற்றுவது வேண்டுமா? மின்சாரத்தை விற்பதற்கு உரிமம் ஏதும் தேவையா? சாப்பிட வருபவர்களுக்கு இலவசமாகத் தரலாமா? இடத்தை மட்டும் கொடுங்கள், கருவியை நாங்களே வைக்கிறோம் என்று ஒரு நிறுவனமும் கேட்கிறது. எங்களுடையது 15 கிலோவாட் மூன்று பேஸ் இணைப்பு.

பாளையங்கோட்டை மின் ஒப்பந்ததாரர் எழுதியது:

அண்ணாச்சி, முதலில் அந்தச் சாக்கெட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் கேட்டவற்றுக்கெல்லாம் முன்னால் நிற்பது அதுதான். கிரைண்டர் ஓடத் தொடங்கும் கணத்தில் அதிகமாக இழுத்துவிட்டுப் பிறகு தணிந்துவிடும்; கார் அப்படியல்ல, 13 முதல் 15 ஆம்பியர் வரை ஒரு நொடி கூட விடாமல் மணிக்கணக்கில் இழுத்துக்கொண்டே இருக்கும். பழைய சாக்கெட்டில் பிடிமானம் சிறிது தளர்ந்திருந்தாலும் அந்த இடம் சூடேறும், சூட்டினால் பிடிமானம் மேலும் தளரும், கடைசியில் கருகும். இனி எக்காரணம் கொண்டும் எக்ஸ்டென்ஷன் ஒயர் கொடுக்காதீர்கள். காருக்கென்று டிஸ்ட்ரிபியூஷன் போர்டிலிருந்து தனி ஒயர், சுமை மிஞ்சினால் தானே துண்டித்துவிடும் தனி எம்.சி.பி., 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி., மூடியுள்ள நீல நிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட் ஆகிய நான்கும் வேண்டும்.

அடுத்தது எர்த். உங்கள் பக்கத்தில் கொஞ்சம் தோண்டினாலே பாறை வந்துவிடும், சித்திரை வைகாசியில் மண் காய்ந்து கிடக்கும். மின்கார்கள் சார்ஜ் ஏற்கும் முன் எர்த் சரியாக இருக்கிறதா என்று தாமே சோதித்துக்கொள்கின்றன. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே சில வோல்ட் கூடுதலாகக் காட்டினாலே பல வண்டிகள் ஏற்க மறுத்துவிடும். வந்தவர் உங்கள் கருவி பழுது என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார். ஆகையால் தனிக் குழி எடுத்து, ஆழமாக இறக்கி, கோடையில் எர்த் மீட்டர் வைத்து அளந்து பாருங்கள்; மழைக்காலத்தில் அளந்த அளவை நம்ப வேண்டாம்.

வேகத்தைப் பொறுத்தவரை, வாடிக்கையாளர் உங்கள் இடத்தில் எவ்வளவு நேரம் இருக்கிறார் என்பதிலிருந்துதான் கணக்கைத் தொடங்க வேண்டும். ஒரு யூனிட்டுக்குச் சாதாரணக் கார் 6 முதல் 7 கிலோமீட்டர் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3.3 கிலோவாட் சாக்கெட்டில் நாற்பது நிமிடம் போட்டால் 2 யூனிட்டுக்குச் சற்று மேலே, அதாவது 15 கிலோமீட்டர்கூடத் தேறாது. நீங்கள் சொன்ன மெதுவாக ஏற்றும் வகையான 7.4 கிலோவாட் ஏ.சி. கருவியில் அதே நேரத்தில் ஏறத்தாழ 5 யூனிட், 30 கிலோமீட்டர். பேட்டரிக்கே நேராக வேகமாக ஏற்றும் 30 கிலோவாட் டி.சி. கருவியில் 100 கிலோமீட்டருக்கு மேல் கிடைக்கும். ஏ.சி. கருவியில் வேகத்தைத் தீர்மானிப்பது காருக்குள் இருக்கும் சார்ஜர்தான், 3.3 கிலோவாட்டுக்கு மேல் ஏற்காத கார்களும் சாலையில் நிறைய உள்ளன, எனவே 7.4 கருவி வைத்தாலும் எல்லோருக்கும் ஒரே வேகம் கிடைக்காது. இதை ஒரு பலகையில் எழுதி வைத்துவிட்டால் வாக்குவாதம் குறையும்.

என் கருத்து, உங்கள் செலவில் இப்போது டி.சி. வேண்டாம். கருவியே பல லட்சம் ஆகும், இணைப்பையும் மூன்று மடங்காக உயர்த்த வேண்டியிருக்கும், உயர்த்திய சுமைக்கான நிலைக் கட்டணத்தைச் சாரல் இல்லாத மாதங்களிலும் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு 7.4 கருவியும், ஸ்கூட்டர்களுக்கு இரண்டு 16 ஆம்பியர் சாக்கெட்டுகளும் வைத்து, சுமையை 25 கிலோவாட்டாக உயர்த்தினால் போதும். 7.4 கருவி ஒரே பேஸில் 32 ஆம்பியர் இழுக்கும் என்பதால் பிரீசர் இருக்கும் பேஸில் அதைச் சேர்க்காதீர்கள். ஆனால் பள்ளம் தோண்டும்போதே பின்னால் பெரிய கேபிள் போகும் அளவுக்கு அகலமான குழாயைப் புதைத்துவிடுங்கள். தரையை இரண்டாம் முறை உடைப்பது வீண் செலவு.

உரிமம் தேவையில்லை. சார்ஜ் ஏற்றிக் கொடுப்பது ஒரு சேவைதான், மின்சார விற்பனை ஆகாது என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2018 ஏப்ரலிலேயே தெளிவுபடுத்திவிட்டது. சார்ஜர் வாங்கும்போது ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான், 2019 ஆகஸ்டில் 18-லிருந்து குறைத்தார்கள், பில்லைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மின்கார் ஓட்டும் ஆசிரியர், தென்காசி:

ஒப்பந்ததாரர் ஐயா பாதுகாப்பு பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன்; டி.சி. வேண்டாம் என்பதில் மட்டும் உடன்பாடில்லை. உங்கள் கடையில் யார் சார்ஜ் கேட்பார்கள் என்று பாருங்கள். திருநெல்வேலியிலிருந்து குற்றாலம் 60 கிலோமீட்டர்தான். அவர்கள் வீட்டில் ஏற்றிக்கொண்டு வந்தால் போய்த் திரும்பிவிடுவார்கள், உங்களிடம் கேட்க மாட்டார்கள். கேட்பவர்கள் தூத்துக்குடி, திருச்செந்தூர், நாகர்கோவில் பக்கத்தினர். தூத்துக்குடியிலிருந்து போய்வர 220 கிலோமீட்டருக்குக் குறையாது; 30 யூனிட் பேட்டரியுள்ள பழைய கார் குளிர்சாதனம் போட்டுக்கொண்டு அந்தத் தூரத்தை ஒரே சார்ஜில் தாண்டுவது கடினம். ஆலங்குளத்திலிருந்து அவர் ஊர் இன்னும் 80 கிலோமீட்டர் இருக்கிறது. 30 கிலோமீட்டர் ஏற்றிக் கொடுப்பது உதவிதான், ஆனாலும் அவர் மனப்பதற்றம் தீராது. அந்த நிறுவனம் தன் செலவில், தன் பெயரில் தனி மின் இணைப்பு வாங்கி டி.சி. வைப்பதாக இருந்தால் ஒப்புக்கொள்ளுங்கள். நிலைக் கட்டணக் கவலை அவர்களுடையது ஆகிவிடும்.

ஓட்டுபவனாக இன்னொன்றைச் சொல்ல வேண்டும். செயலியில் இருப்பதாகக் காட்டும் கருவியை நம்பி இரவு எட்டரை மணிக்கு, 9 சதவீதத்தோடு, மனைவியையும் வயதான தாயாரையும் வைத்துக்கொண்டு ஓரிடத்தில் போய் நின்றேன். கருவிக்கு முன்னால் ஒரு சரக்கு வேன் நின்றுகொண்டிருந்தது, ஓட்டுநர் இல்லை. காவலாளிக்குக் கருவியை எப்படி இயக்குவதென்றே தெரியவில்லை. ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். பச்சை நம்பர் பிளேட் உள்ள வண்டிக்கு மட்டும் அந்த இடம் என்று உங்கள் காவலாளியிடம் சொல்லி வையுங்கள், கடையில் இரண்டு பேருக்காவது கருவியை இயக்கக் கற்றுக்கொடுங்கள். அதைச் செய்தாலே எங்களைப் போன்றவர்கள் சாப்பாட்டுக்கும் உங்கள் கடையைத்தான் தேடி வருவோம்.

திருநெல்வேலி ஜங்ஷன் தங்கும் விடுதி உரிமையாளர்:

எங்கள் நிலை வேறு. இரவு தங்குபவருக்கு எட்டு மணி நேரம் இருக்கிறது, அதனால் 3.3 கிலோவாட் சாக்கெட்டுகள் இரண்டே எங்களுக்குப் போதுமானவையாக உள்ளன. தொடக்கத்தில் இலவசமாகத்தான் கொடுத்தோம். அறை எடுக்காதவர்களும் வண்டியை விட்டுவிட்டுப் போகத் தொடங்கியதும் சப்-மீட்டர் வைத்து, யூனிட் கணக்கில் அறை வாடகையோடு சேர்த்து வாங்குகிறோம். யாரும் முகம் சுளித்ததில்லை. நீங்கள் ஸ்கூட்டருக்கு மட்டும் இலவசம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு யூனிட்கூட ஆகாது. காருக்குக் கட்டாயம் கட்டணம் வேண்டும்.

நிறுவன ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் சிலவற்றை எழுத்தில் கேளுங்கள். கருவி பழுதானால் எத்தனை நாளில் சரிசெய்வார்கள், தவறினால் என்ன, எத்தனை ஆண்டுக்கு இடத்தைக் கட்டிப்போடுகிறார்கள், நடுவில் விலகினால் கருவியையும் அஸ்திவாரத்தையும் யார் அகற்றுவது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். நீங்களே வாங்கும் கருவி என்றால் ஓ.சி.பி.பி. என்ற பொது நெறிமுறையில் இயங்குவதாகப் பார்த்து வாங்குங்கள்; ஒரு மென்பொருள் நிறுவனம் கைவிட்டாலும் வேறொன்றுக்கு மாறிக்கொள்ளலாம். மின்வாரியத்தில் சார்ஜிங் நிலையங்களுக்கென்று தனிக் கட்டணப் பிரிவு இருக்கிறது. பிரிவு அலுவலகத்தில் கேட்டு, உங்களுக்கு எது லாபம் என்று ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

2023 டிசம்பரில் தாமிரபரணி பெருகி வந்தபோது எங்கள் கீழ்த்தளத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. முழங்கால் உயரத்தில் பொருத்தியிருந்த சாக்கெட் பெட்டியும் எம்.சி.பி. பெட்டியும் சேற்றோடு போயின. இப்போது எல்லாவற்றையும் அந்த நீர்மட்டக் கறைக்கு மேலே ஏற்றி வைத்திருக்கிறோம். உங்கள் ஊர் ஆற்றங்கரை இல்லையென்றாலும், அன்று சாலையில் ஓடிய தண்ணீர் எந்த உயரம் வரை வந்தது என்று பார்த்துவிட்டு மேடை கட்டுங்கள்.

ஆலங்குளம் உணவகத்தார்:

மூவருக்கும் மிக்க நன்றி. தூத்துக்குடிக்கு இன்னும் 80 கிலோமீட்டர் என்று படித்தபோது அந்தக் கைக்குழந்தைக் குடும்பம்தான் நினைவுக்கு வந்தது. அவர்கள் அன்று எப்படி ஊர் போய்ச் சேர்ந்தார்களோ! என் செலவில் ஒரு 7.4 கருவியும் ஸ்கூட்டர் சாக்கெட்டுகளும் இந்தப் பங்குனிக்குள் வைத்துவிடுகிறேன். நிறுவனத்திடம் தனி இணைப்போடு டி.சி. வைக்கச் சொல்லி, விடுதி அண்ணாச்சி சொன்னவற்றை எழுத்தில் கேட்டிருக்கிறேன். சம்மதித்தால் சாலையோர வேப்பமரத்தடியை அவர்களுக்கு ஒதுக்குவேன். ஒரே ஒரு சந்தேகம்: ஸ்கூட்டரில் வருபவர்கள் பேட்டரியைக் கழற்றிக் கடைக்குள் கொண்டுவந்து, இங்கே போடலாமா என்று கேட்கிறார்கள். அனுமதிக்கலாமா?

பாளையங்கோட்டை மின் ஒப்பந்ததாரர்:

வேண்டாம் அண்ணாச்சி. கேஸ் அடுப்பும் கூட்டமும் உள்ள இடத்தில் லித்தியம் பேட்டரிக்குச் சார்ஜ் போடவே கூடாது. தீப்பிடித்தால் அணைப்பது கடினம். வெளிச்சுவரில், மரநிழலில், சாக்கெட்டுக்குக் கீழே ஒன்றரை அடி அகலத்தில் ஒரு கடப்பா கல் பலகை பதித்துவிடுங்கள். பேட்டரியையோ சார்ஜரையோ அதன் மேல் வைத்துக்கொள்ளட்டும். மேலே ஒரு சிறிய தகரச் சாய்ப்பு இருந்தால் மழைக்கும் போதும்.