பேக்அப் கன்: ‘சேமத் துப்பாக்கி’ எனலாமா?

அன்புள்ள அண்ணா,

‘பேக்அப் கன்’ என்பதற்கு, அதாவது முதல் துப்பாக்கி கைவிட்டால் எடுக்க வைத்திருக்கும் இரண்டாவதற்கு, நீங்கள் சொன்ன ‘காப்புத் துப்பாக்கி’ எனக்கு ஒட்டவில்லை. தற்காப்புக்கு வைத்திருக்கும் எந்தத் துப்பாக்கியும் காப்புத் துப்பாக்கிதானே? ‘துணைத் துப்பாக்கி’யும் சரிவராது. துணை என்றால் கூடவே நின்று வேலை செய்ய வேண்டும். இதுவோ முதல் துப்பாக்கி சிக்கிக்கொண்டாலோ, மல்லுக்கட்டில் கைநழுவிப் போனாலோதான் வெளியே வரும்.

அமெரிக்கப் போலீஸ்காரர்கள் ரிவால்வர் வைத்திருந்த காலத்தில், தோட்டா தீர்ந்தால் திரும்ப நிரப்பிக்கொண்டிருக்காமல், ஏற்கெனவே நிரப்பி வைத்த இன்னொன்றை உருவும் பழக்கம் இருந்தது. ‘நியூயார்க் ரீலோட்’ என்று அதற்குப் பெயரே உண்டு. 1950-இல் வந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் சீஃப்ஸ் ஸ்பெஷல் போன்ற ஐந்து தோட்டா ரிவால்வர்கள் இதற்கு வாகாக இருந்தன.

நான் மொழிபெயர்க்கும் கட்டுரை, இந்த இரண்டாவதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பது பற்றியது. எடைதான் முக்கியம் என்றால் 2008-இல் வந்த ரூகர் எல்சிபி என்ற குட்டிப் பிஸ்டல். சுமார் 270 கிராம். கால்சட்டைப் பைக்கு, சுத்தியல் (தோட்டாவை வெடிக்க வைக்கும் பின்பகுதி) உள்ளே மறைந்திருக்கும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 ரிவால்வர் நல்லது, உருவும்போது துணியில் மாட்டாது. ஆனால் இடுப்பில் கிளாக் 19 பிஸ்டல் வைத்திருப்பவருக்கு, அதைவிடச் சின்னதான கிளாக் 26-தான் என் கணக்கில் சரி. 19-இன் 15 தோட்டா மேகசின் (தோட்டாக் கூடு) 26-இலும் பொருந்தும். பெரியது மக்கர் செய்தால் அதன் மேகசினைச் சின்னதில் சொருகிக்கொள்ளலாம்.

இந்த வரியை எழுதும்போதுதான் புறநானூறு 102 நினைவுக்கு வந்தது. உப்பு வண்டி ஓட்டும் உமணர், மேடு பள்ளத்தில் என்ன ஆகுமோ என்று வண்டிக்கு அடியில் இன்னொரு அச்சைக் கட்டிக்கொண்டு போவார்கள். ஔவையார் அதைச் ‘சேம அச்சு’ என்கிறார். அடியில் மறைந்திருக்கும், கூடவே வரும், முதலாவது முறிந்தால்தான் அதற்கு வேலை. கணுக்கால் உறையில் இருக்கும் இரண்டாவது துப்பாக்கியும் அதேதான். ‘சேமத் துப்பாக்கி’ எனலாமா?

— — —

தம்பி, அச்சு உவமை அருமை. ஆனால் சேமநிதி, சேமிப்பு என்று பழகிய காதுக்கு, பீரோவில் பூட்டி வைத்த துப்பாக்கி என்று படாதா?

— — —

படலாம் அண்ணா. அதனால் முதல் முறை வரும்போது ‘கணுக்கால் உறையில் இருந்த சேமத் துப்பாக்கி’ என்று இடத்தையும் சேர்த்துவிடுகிறேன். அப்புறம் நாலு வாக்கியம் புழங்கினால் பொருள் படிந்துவிடும். எனக்கு இன்னும் உறுத்துவது, துப்பாக்கியை ஆடைக்குள் மறைத்து வைத்துக்கொண்டு போவதைச் சொல்லும் ‘கன்சீல்டு கேரி’தான். ‘மறைத்தேந்தல்’ என்று போட்டிருக்கிறேன். ஏந்தல் என்றால் கையில் பிடித்திருப்பது போல இருக்கிறது. இடுப்பில் கட்டுவதால் ‘மறைத்தணிதல்’ சரியாக வருமா?