மொட்டை மாடி ஷீட் வீடு, பகலில் அம்மா தனியாக: கத்திரி வெயிலுக்கும் சாயங்கால இடிமழைக்கும் என்ன ஏற்பாடு?

வியாசை வாசி:
வியாசர்பாடியில் மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட ஒற்றை அறை, வாடகைக்கு இருக்கிறோம். நானும் மனைவியும் வேலைக்குக் கிளம்பிவிட்டால் ராத்திரி வரை அம்மா மட்டும்தான். 68 வயது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார், அதில் ஒன்று நீர் பிரிவதற்கானது. மதியம் மூன்று மணிக்கு அந்த அறைக்குள் நிற்க முடியாது, ஃபேனைப் போட்டால் அனல்தான் இறங்குகிறது. போதாக்குறைக்குப் போன வாரம் சாயங்காலம் திடீரென்று காற்றும் இடியுமாக வந்து, ஷீட் ஒரு ஓரத்தில் தூக்கித் தூக்கி அடித்து, கரண்டும் போய், அம்மா கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டார். வெயிலுக்கு என்ன செய்யலாம், காற்று மழைக்கு என்ன செய்யலாம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வீட்டை மாற்று என்று மட்டும் சொல்லாதீர்கள், அட்வான்ஸ் கொடுக்க இப்போது கையில் பணம் இல்லை.

தண்டையார்பேட்டை நர்ஸ்:
தம்பி, இரண்டுக்கும் ஒரே பதில்தான், அம்மா அந்த நேரத்தில் மாடியில் இருக்கக்கூடாது. பன்னிரண்டிலிருந்து நாலு, நாலரை வரை கீழ் வீட்டுத் திண்ணையோ மாடிப்படிக்கு அடியோ, காங்கிரீட் தளத்துக்குக் கீழே ஒரு நாற்காலி போட இடம் கிடைத்தால் போதும். ஹவுஸ் ஓனரிடம் இன்றைக்கே பேசுங்கள், அவசரம் வந்தபிறகு கேட்க நேரம் இருக்காது.

ஃபேன் விஷயம் நீங்கள் சொன்னது சரிதான். அறைச் சூடு 40 டிகிரியை நெருங்கிவிட்டால் வெறும் ஃபேன் உடம்பைக் குளிரவைக்காது. கை, கழுத்து, முகமெல்லாம் ஈரத்துணியால் துடைத்துவிட்டு அப்புறம் ஃபேன் காற்றில் உட்காரச் சொல்லுங்கள். தண்ணீர் குடிக்கிறாரா என்று கேட்டால் குடிக்கிறேன் என்றுதான் சொல்வார்கள். பாத்ரூம் கீழே இருந்தாலோ நாலு குடித்தனத்துக்குப் பொதுவாக இருந்தாலோ, அடிக்கடி இறங்க வேண்டுமே என்று நம் வீட்டுப் பெண்கள் தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள். வெயில் காலத்தில் மயங்கி வருகிற வயதான அம்மாக்களிடம் விசாரித்தால் இதைத்தான் அடிக்கடி கேட்கிறேன். ஒரு பாட்டிலை நிரப்பிக் கையில் கொடுத்துவிட்டு, ராத்திரி வந்து எவ்வளவு மீதி என்று பாருங்கள். மோர், நீராகாரம், கஞ்சி எல்லாம் நல்லது, ஆனால் பிரஷர் இருப்பதால் உப்பை அள்ளிப் போட வேண்டாம். வாந்தி, பேதி என்றால்தான் ஓஆர்எஸ்.

பேச்சு குழறினாலோ, ஆளை அடையாளம் தெரியாமல் பேசினாலோ, உடம்பு நெருப்பாகக் கொதித்தாலோ உடனே 108. வியர்க்கிறதே, பயமில்லை என்று விட்டுவிடாதீர்கள், ஹீட் ஸ்ட்ரோக்கில் வியர்வை இருக்கவும் செய்யும். வண்டி வருவதற்குள் நிழலுக்குக் கொண்டுவந்து உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸோ ஈரத்துணியோ வையுங்கள். காய்ச்சல் மாத்திரை இதற்கு வேலை செய்யாது. நினைவு சரியில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

ராயபுரம் வயர்மேன்:
ஷீட்டைப் பற்றிச் சொல்கிறேன். ஓரத்தில் தூக்குகிறது என்றால் ஷீட்டைப் பிடித்திருக்கிற கொக்கி ஆணி, அதாவது ஜே போல்ட், துருப்பிடித்திருக்கும், இல்லை வாஷர் போயிருக்கும். அடுத்த காற்றுக்கு முன்னால் மாற்றியாக வேண்டும், செலவு ஓனருடையது, கேளுங்கள். நீங்களே மேலே ஏறாதீர்கள், ஆஸ்பெஸ்டாஸ் காலடியில் உடைந்து ஆள் அப்படியே உள்ளே விழுந்துவிடுவார், வேலை தெரிந்தவர்கள் பலகை போட்டுத்தான் நடப்பார்கள். அறுப்பது, துளை போடுவது எல்லாம் வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. செங்கல்லைத் தூக்கி மேலே வைப்பது நம் ஏரியா வழக்கம், பலத்த காற்றில் அதுவே கீழே போகிறவர் தலையில் விழும். ஷீட்டின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் சூடு கொஞ்சம் குறையும், அதையும் அதே ஆளிடம் சொல்லிவிடுங்கள்.

இடி கேட்டதுமே அம்மா கீழே இறங்கிவிட வேண்டும், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் மேலே வர வேண்டும். கொடியில் துணி கிடக்கிறது, வடாம் காய்கிறது என்று இடிக்கு நடுவில் மாடிக்கு ஓடுகிறார்கள் பாருங்கள், தயவுசெய்து அது வேண்டாம். நனைந்தால் நனையட்டும். இடிக்கும்போது குளிப்பது, குழாயடியில் பாத்திரம் தேய்ப்பது, சார்ஜில் போட்ட போனில் பேசுவதும் கூடாது. தெருவில் தண்ணீர் நின்றால் தெருவோரம் நிற்கிற மின்வாரியப் பெட்டி, அதுதான் ஈபி பில்லர் பாக்ஸ், அது பக்கமே போகாதீர்கள். கம்பி அறுந்து கிடந்தால் கரண்ட் இல்லாத நேரமாக இருந்தாலும் தொடாமல் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987இல் சொல்லுங்கள், மரம் விழுந்தால் மாநகராட்சி 1913.

காசிமேடு கடலோரம்:
அம்மாவுக்கு ஒரு அடையாளம் சொல்லிக்கொடுங்கள். மதியத்துக்குள் கடல் காற்று வந்துவிட்டால் வெயில் தணியும், புழுக்கம்தான் இருக்கும். மேற்குக் காற்று ஓங்கி, கடல் காற்று வரத் தாமதமாகிற நாளில்தான் நம்மூர் 40ஐத் தாண்டும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. ஜன்னலில் கிழக்குக் காற்று தெரியவில்லை என்றால் அன்றைக்குச் சீக்கிரமே கீழே இறங்கிவிடச் சொல்லுங்கள். கோடை இடிமேகம் பெரும்பாலும் திருவள்ளூர் பக்கமிருந்து, சாயங்காலத்துக்கு மேல் வரும், அதனால் மேற்கே கருக்கிறதா என்று பார்த்தால் போதும். உங்கள் போனில் தாமினி செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள், புனேயில் இருக்கிற வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கியது, பக்கத்தில் மின்னல் வந்தால் காட்டும். பார்த்ததும் அம்மாவுக்கோ கீழ் வீட்டுக்கோ ஒரு போன் அடியுங்கள்.

வியாசை வாசி:
எல்லோருக்கும் நன்றி. பாத்ரூம் கீழேதான் இருக்கிறது, அம்மா தண்ணீர் குடிக்காததற்கு அதுதான் காரணமா என்று இப்போதுதான் தோன்றுகிறது. ஓனர் அம்மாவிடம் பேசிவிட்டேன், மதியம் வராண்டாவில் உட்காரட்டும் என்று சொல்லிவிட்டார். நர்ஸ் அக்கா, அந்த நீர் மாத்திரையை வெயில் முடியும் வரை நிறுத்திவைக்கலாமா?

தண்டையார்பேட்டை நர்ஸ்:
நீங்களாக நிறுத்தாதீர்கள் தம்பி, பிரஷர் ஏறிவிட்டால் அது வேறு ஆபத்து. அளவைக் குறைப்பதா, நேரத்தை மாற்றுவதா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அம்மாவைக் காலையிலேயே, வெயில் ஏறுவதற்கு முன்னால், கூட்டிப் போங்கள். எழுந்திருக்கும்போது தலை சுற்றுகிறதா என்று கேட்டு வைத்துக்கொண்டு, அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.