60 பேர் வகுப்பில் கேள்வி கேட்டால் முதல் பெஞ்ச் மட்டும்தான் பதில் சொல்கிறது: என்ன செய்யலாம்?

சாக்பீஸ்_தாம்பரம்
முதலாமாண்டு, அடிப்படை மின்சுற்றுகள். செக்‌ஷனுக்கு 60 பேர், பீரியட் 50 நிமிடம். பாதிப் பேர் பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். "புரிஞ்சுதா?" என்றால் கோரஸாக "புரிஞ்சுது சார்". இன்டர்னல் பேப்பர் திருத்தும்போதுதான் குட்டு வெளிப்படுகிறது. மாணவர்கள் வகுப்பில் போன் எடுக்கக் கூடாது. வைஃபை ஸ்டாஃப் ரூமைத் தாண்டாது. புரொஜெக்டர் உண்டு. எல்லோரையும் பதில் சொல்ல வைக்க எந்தக் கருவி சரி? போர்ஷனும் முடிய வேண்டும்.

வேளச்சேரி_வோல்ட்
கருவி அப்புறம் சார், முதலில் கேள்வி. ஃபார்முலாவில் எண்ணைப் போட்டால் விடை வந்துவிடும் கேள்வி இதற்கு உதவாது. இதைப் போட்டுப் பாருங்கள்: ஒரே மாதிரியான இரண்டு பல்புகள் தொடராக பேட்டரியில் இணைந்திருக்கின்றன. இரண்டாவது பல்புக்கு இணையாக அதே மாதிரி மூன்றாவதைச் சேர்த்தால் முதல் பல்பின் வெளிச்சம் கூடுமா, குறையுமா, மாறாதா?

கூடும். மொத்த மின்தடை 2 மடங்கிலிருந்து 1.5 மடங்காக இறங்குகிறது, மின்னோட்டம் மூன்றில் ஒரு பங்கு ஏறுகிறது. "மாறாது" என்பவர்கள் முதல் பல்பைக் கடந்தபின் நடப்பது அதைப் பாதிக்காது என்று நினைக்கிறார்கள். "குறையும்" என்பவர்கள் பேட்டரி எப்போதும் ஒரே மின்னோட்டத்தைத்தான் தரும், அதை மூன்று பேர் பங்கு போடுகிறார்கள் என்று நினைக்கிறார்கள். ஒவ்வொரு தவறான விடைக்குப் பின்னாலும் இப்படி ஒரு நிஜமான குழப்பம் இருக்க வேண்டும். ஒப்புக்கு நாலாவது ஆப்ஷன் வேண்டாம்.

நடத்தும் முறை ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991 முதல் செய்துவந்தது. ஒன்றரை நிமிடம் பேசாமல் யோசித்து ஓட்டு. சரியான விடை 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால், வேறு விடை சொன்ன பக்கத்து ஆளிடம் 3 நிமிடம் வாதாடச் சொல்லி மறு ஓட்டு. 30-க்குக் கீழே என்றால் பேசவிட்டுப் பயனில்லை, நீங்களே திரும்ப நடத்துங்கள். 70-க்கு மேல் என்றால் ஒரு வரி விளக்கிவிட்டு நகருங்கள். முதல் ஓட்டின் வரைபடத்தைத் திரையில் காட்டவே கூடாது. காட்டினால் கூட்டம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் சாய்ந்துவிடும், வாதம் நடக்காது.

கிண்டி_கிரிட்
கருவி என்றால் பிளிக்கர்ஸ் என்ற ஆப். மாணவருக்கு போன் தேவையில்லை, ஆளுக்கு ஒரு அச்சிட்ட கார்டு. எந்தப் பக்கம் மேலே இருக்கிறதோ அதுதான் விடை. உங்கள் போன் கேமராவை வகுப்பின் குறுக்கே ஓட்டினால் பதிவாகிவிடும். வைஃபை இல்லாவிட்டால் உங்கள் டேட்டா போதும். சாதாரண தொகுப்பில் 40 கார்டுதான். 63 உள்ள தொகுப்பை இறக்குங்கள். கார்டு ஒவ்வொன்றும் வேறு வடிவம், எழுத்தும் பொடி. அதனால் பக்கத்தில் பார்த்து அப்படியே திருப்பிப் பிடிக்க முடியாது.

சொதப்பும் இடங்கள்: பளபள லேமினேஷன் ட்யூப்லைட்டில் மின்னும், கேமரா படிக்காது. மங்கலான தடித்த தாளே நல்லது. விரல் கறுப்புக் கட்டத்தை மறைத்தாலும் பதிவாகாது, ஓரத்தைப் பிடிக்கச் சொல்லுங்கள். கடைசி பெஞ்சுக்கு நாலடி நடந்துதான் ஆகவேண்டும்.

மயிலை_மேடம்
அவ்வளவும் வேண்டாம் என்றால் விரல். ஒன்று முதல் நாலு வரை, நெஞ்சோடு ஒட்டிப் பிடிக்கச் சொன்னால் பின்னால் இருப்பவருக்குத் தெரியாது. பதிவு இருக்காது, செலவும் இருக்காது.

தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு: படத்தைப் பெரிதாகப் போட்டு, கேள்வியை இரண்டு மொழியிலும் எழுதுங்கள். வாதம் தமிழிலேயே நடக்கட்டும். முடிவில் காரணத்தை மட்டும் ஒரே ஆங்கில வாக்கியமாக நோட்டில் எழுத வையுங்கள், பரீட்சை ஆங்கிலத்தில்தானே.

சாக்பீஸ்_தாம்பரம்
நன்றி. ஒரு கேள்விக்கு 8 நிமிடம் என்றால் போர்ஷன்?

வேளச்சேரி_வோல்ட்
பீரியடுக்கு இரண்டு கேள்வி, மூன்றைத் தாண்டாதீர்கள். போர்டில் எழுதி அவர்கள் காப்பி பண்ணும் டெரிவேஷனைக் கையேடாகக் கொடுத்தாலே அந்த நேரம் கிடைத்துவிடும். என்பிடெல் (ஐஐடி பேராசிரியர்களின் இலவச இணையப் பாடங்கள்) வீடியோ கொடுப்பதானால் முழு லெக்சரையும் அனுப்பாதீர்கள், ஒருவரும் பார்க்க மாட்டார்கள். வேண்டிய ஆறு நிமிடத்தின் தொடக்க நேரத்தோடு இணைப்பு அனுப்புங்கள்.

கிண்டி_கிரிட்
வீட்டுக்கு வாரம் 5 கேள்வி. கூகுள் ஃபார்ம்ஸில் மதிப்பெண் வெளியீட்டைப் பிறகு என்று வையுங்கள். உடனே காட்டினால் விடை அரைமணியில் வாட்ஸ்அப் குரூப்புக்கு வந்துவிடும். கல்லூரியில் மூடுல் (இணையவழிப் பாடம், தேர்வு நடத்தும் மென்பொருள்) இருந்தால் அதில் கணக்கீட்டு வகைக் கேள்வி இன்னும் மேல், ஆளுக்கு ஆள் எண் மாறும். ஒரு எச்சரிக்கை: அனுமதிக்கும் பிழை தானாக 1 சதவீதத்தில் நிற்கும். 0.0333 ஆம்பியரை 0.03 என்று எழுதியவருக்கு சுழியம்தான். விடையை மில்லி ஆம்பியரில் கேளுங்கள், பிழையை 2 சதவீதமாக்குங்கள்.