எஃப்பிஎன்1 மரபணு ரிப்போர்ட்: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம். என் அக்கா மகனுக்கு 14 வயது. ஒல்லியான உடம்பு, வயதுக்கு மீறிய உயரம். கைகளை விரித்து அளந்தால் அந்த உயரத்தையும் தாண்டுகிறது. கண்ணில் லென்ஸ் இடம் விலகியிருப்பதைப் பார்த்த மருத்துவர், மார்ஃபான் நோயாக (உடலின் இணைப்புத் திசுக்களைப் பாதிக்கும் மரபணு நோய்) இருக்கலாம் என்று மரபணு சோதனை எழுதிக் கொடுத்தார். எக்கோவில் பெருந்தமனி இப்போதைக்கு இயல்பாக இருக்கிறது. அதுதான் ஒரே ஆறுதல்.

15-ஆவது குரோமோசோமில் இருக்கும் எஃப்பிஎன்1 மரபணுவில் ஒரு டிஎன்ஏ எழுத்து மாறியிருக்கிறதாம். ஃபைப்ரிலின்-1 புரதத்துக்கான மரபணு அது. லென்ஸைப் பிடித்திருக்கும் இழைகளுக்கும் பெருந்தமனிச் சுவருக்கும் அந்தப் புரதம் தேவை. ஆனால் ரிப்போர்ட்டில் 'விளைவு உறுதியாகாத மாற்றம்' என்று போட்டிருக்கிறார்கள்.

இப்படி ரிப்போர்ட் வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அப்பா அம்மாவுக்கும் சோதித்த பிறகு தெளிவு கிடைத்ததா? மார்ஃபான் உள்ளவர்களில் சுமார் நான்கில் ஒருவருக்கு இது பெற்றோரிடமிருந்து வராமல் புதிதாகவே ஏற்படுகிறது என்பதால் கேட்கிறேன்.

அப்புறம், கூடைப்பந்தை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். பையனுக்குச் சாப்பாடே இறங்கவில்லை. உங்கள் பிள்ளைகளுக்கு மருத்துவர் எந்த விளையாட்டை அனுமதித்தார்? மதுரை, திருச்சிப் பக்கம் நல்ல மரபணு ஆலோசகர் தெரிந்தாலும் தயவுசெய்து சொல்லுங்கள்.