காற்றடைத்த வெந்நீர்த் தொட்டிக்குத் தரை எப்படிப் போடுவது? (சுங்கை சிப்புட், மலேசியா)

வீட்டுத்தோட்டம்:
வணக்கம். பழைய ரப்பர் தோட்டத்து நிலத்தில் எழுந்த தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு. பின்பக்கம் 4க்கு 5 மீட்டர் புல்தரை, செம்மண். நாலு பேர் உட்காரும் காற்றடைத்த தொட்டி வைக்கணும்: விட்டம் 1.8 மீட்டர், தண்ணீர் 800 லிட்டர். புல்மேல் தார்ப்பாய் விரித்தாலே போதுமா? இல்லை மணலா, பலகையா, கான்கிரீட்டா?

கொத்துக்கரண்டி:
தம்பி, முதலில் எடையைப் பாருங்க. தண்ணீர் 800 கிலோ, நாலு பேர் 300, தொட்டியும் சேர்ந்தால் 1,100க்கு மேல். சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 450 கிலோ வரும். இறுகிய செம்மண் இதைத் தாங்கும். ஆனால் எல்லா இடமும் ஒரே மாதிரி அமுங்காது, அதுதான் சிக்கல். தோட்ட நிலத்தில் புதைந்த ரப்பர் கட்டையைக் கரையான் தின்றால் உள்ளே பொந்து விழும், அங்கே மட்டும் தரை இறங்கும். தொட்டி சாய்ந்தால் தண்ணீர் தாழ்ந்த பக்கச் சுவரை நெட்டும். பம்பு மேட்டுப் பக்கம் இருந்தால் நீர்மட்டம் குறைந்து காற்றை இழுக்கும்.

தார்ப்பாய் மட்டும் வேண்டவே வேண்டாம். லாலாங் புல்லின் வேர்த்தண்டு முனை ஊசிபோல அடித்தாளைத் துளைக்கும், புல்லும் அழுகி நாறும். மணலை மாலை மழை அரித்துக்கொண்டு போகும். பலகை கரையானுக்குத் தீனி.

கான்கிரீட்டே போடுங்க. 2.4க்கு 3 மீட்டர் வேண்டும், பம்புக்கும் ஏறி இறங்கவும் இடம் சேர்த்து. 20 செ.மீ. தோண்டி வேர், கட்டை எல்லாவற்றையும் எடுங்க. கிரஷர் ரன் (தூளும் ஜல்லியும் கலந்த உடைகல்) 15 செ.மீ., இரண்டு அடுக்காகக் கொட்டி, லேசாகத் தண்ணீர் தெளித்து காம்பேக்டரால் (மண் இறுக்கும் இயந்திரம்) இறுக்கணும். அதன்மேல் பிளாஸ்டிக் தாள், பிறகு ஏ6 பி.ஆர்.சி. கம்பிவலை (6 மி.மீ. கம்பியில் பற்றவைத்த வலை). வலை தாளில் படிந்து கிடந்தால் பயனில்லை, சிறு சிமெண்டுக் கட்டைகளால் 5 செ.மீ. தூக்கி வையுங்க. கான்கிரீட் கனம் 10 செ.மீ., கலவை 1:2:4 (சிமெண்டு, மணல், ஜல்லி). இதற்கு 50 கிலோ சிமெண்டு 5 மூட்டை, மணல் 0.32 கன மீட்டர், ஜல்லி 0.64 கன மீட்டர். இப்படிப் போட்டால் தளம் புல்லைவிட 5 செ.மீ. உயர்ந்து நிற்கும், மழைத் தண்ணீர் அடியில் வராது.

பரப்பச் சுலபமாக இருக்கும் என்று தண்ணீரைக் கூட்டினால் மேற்பரப்பு பொடியும், வெடிக்கும். தொட்டி நிற்கும் இடம் சுத்த மட்டம். ஓரத்துக்கு மட்டும் லோங்காங் (சாக்கடை) பக்கம் மீட்டருக்கு 1 செ.மீ. சரிவு கொடுங்க. மினுங்கத் தேய்த்தால் ஈரத்தில் வழுக்கும், மரக்கட்டையால் தேய்த்தாலே போதும். 7 நாள் ஈரச்சாக்கு, 28 நாள் கழித்துத் தொட்டி. அடியில் 1 செ.மீ. ஃபோம் பாய் போடுங்க, இல்லாவிட்டால் சூட்டைக் கான்கிரீட் உறிஞ்சும்.

ஒயர்மேன்:
அண்ணன் சொன்னதோடு இன்னொன்று. ஹீட்டர் சுமார் 2 கிலோவாட், மணிக்கணக்கில் ஓடும். நீட்டு ஒயரில் மாட்டினால் பிளக் சூடேறி உருகும். தொட்டியோடு வந்த கேபிளே எட்டும் தூரத்தில் தளத்தை அமையுங்க. ஆனால் தண்ணீரில் இருப்பவர் கைக்கு சாக்கெட் எட்டக்கூடாது. தனி சர்க்கிட், 10 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தை வெட்டும் சுவிட்ச்), பதிவு பெற்ற ஒயர்மேனை வைத்துப் போடுங்க. இடி இடித்தால் எல்லாரும் வெளியே வந்துவிடணும். கை ஈரத்தோடு பிளக்கைத் தொடாமல் மெயின் பெட்டியில் சுவிட்சை அணையுங்க.

வீட்டுத்தோட்டம்:
மிக்க நன்றி. ஒரு சந்தேகம்: கார் போர்ச்சில் ஏற்கெனவே கான்கிரீட் இருக்கு. அங்கேயே வைக்கலாமா? இல்லை மாடியில்?

கொத்துக்கரண்டி:
மாடி கூடவே கூடாது. வீட்டு மாடித் தளம் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 கிலோ சுமைக்குத்தான் கணக்கிடப்படும், இது மூன்று மடங்கு. போர்ச் தாங்கும், ஆனால் தண்ணீர் வடியச் சரிவு வைத்திருப்பாங்க. மீட்டருக்கு 1 செ.மீ. என்றாலே 1.8 மீட்டரில் 1.8 செ.மீ. வித்தியாசம். தெளிவான ரப்பர் குழாயில் தண்ணீர் விட்டு மட்டம் பாருங்க. தாழ்ந்த பக்கம் பலகைத் துண்டு செருகாதீங்க, இடைவெளியில் அடித்தாள் தொங்கிக் கிழியும். மேலே மட்டமாக ஒரு சிமெண்டுப் பூச்சு போடலாம், மெல்லிய ஓரம் பெயர்ந்துவிடும், அதனால் மேட்டுப் பக்கம் 4 செ.மீ.க்குக் குறையாமல் ஆரம்பிங்க.

எங்கே வைத்தாலும் மூடியின் பள்ளத்தில் தேங்கும் மழைநீரை உடனே தள்ளிவிடுங்க. ஏடிஸ் கொசு முட்டையிட அதுவே போதும்.