வலக்கைக்காரனுக்கு வலக்கண்தானா?

கொதிகலன் குமரன்:
குரலில் இயங்கும் தொழிற்சாலைக் கண்ணாடியை (ஹெல்மெட்டில் மாட்டி, ஒரு கண்ணுக்கு முன்னால் குட்டித் திரை காட்டுவது) முதல்நாள் எப்படி மாட்டுவது என்று போன வாரம் ஓர் இழை ஓடியது. அதில் பழைய ஃபிட்டர் அண்ணன் எழுதிய வரி இது: "வலக்கையால் வேலை செய்கிறவன் திரையை வலது கண்ணுக்கு வைத்தால் போதும். கண் சோதனையெல்லாம் வேலை இல்லாதவன் செய்வது." எங்கள் அப்ரண்டிஸ் பையன் இதைப் படித்துவிட்டு அப்படியே மாட்டினான். ஷிப்ட் முழுக்க ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டே திரிந்தான். மதியம் தலைவலி மாத்திரை கேட்டு வந்தான். திரை மங்கல், கருவி பழுது என்று ஸ்டோரில் சீட்டே எழுதிவிட்டார்கள்.

இரண்டு கையையும் நீட்டி முக்கோணம் பிடிக்கச் சொன்னேன். நடுவில் சுவரிலிருந்த தீயணைப்பான் தெரிய வேண்டும். வலது கண்ணை மூடினான், சிலிண்டர் அசையவில்லை. இடது கண்ணை மூடினான், சிலிண்டர் கட்டைவிரலுக்குப் பின்னால் ஓடிவிட்டது. பையன் இடது கண் ஆள், அதாவது குறி பார்க்க மூளை அதிகம் நம்புவது அவனுக்கு இடது கண்ணை; அதைத்தான் ஓங்கிய கண் என்பார்கள். திரையைத் தாங்கும் கொம்பை, அதாவது பூமை, இடப்பக்கம் மாற்றினோம், கண்ணுக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் கீழே இறக்கி வைத்தோம், நான்கு மூலையும் தெரிந்தது. ஐந்து நிமிட வேலை. அண்ணன் அந்த வரியை எடுத்துவிட்டால் நல்லது.

பழைய ஃபிட்டர்:
தம்பி, 31 வருஷமாக ஸ்பேனர் பிடிக்கிறேன். கை எங்கே போகிறதோ கண் அங்கே போகும். வலக்கைக்காரனுக்கு வலக்கண். ஒரு பையனுக்குத் தலைவலி வந்தது என் வரியாலா, ராத்திரி இரண்டு மணிவரை மொபைல் பார்த்ததாலா? அதை விசாரித்தீர்களா? வரியை எடுக்க மாட்டேன்.

இன்ஸ்ட்ரு மணி:
அண்ணே, சின்னக் கணக்கு. நூறு பேரில் சுமார் 90 பேர் வலக்கைக்காரர்கள். வலது கண் ஓங்கியவர்கள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, 67 என்று வையுங்கள். அந்த 67 பேரும் வலக்கைக்காரர்களாகவே இருந்தாலும் மிச்சம் 23 பேர் இருக்கிறார்களே, அவர்களை என்ன செய்வது? இது புதுச் சங்கதியும் இல்லை. இத்தாலிக்காரர் போர்ட்டா 1593-லேயே எழுதி வைத்தது.

பழைய ஃபிட்டர்:
1593-ல் எந்த ரிஃபைனரியில் ஸ்மார்ட் கண்ணாடி மாட்டினார்கள்? சும்மா பழைய பெயரைச் சொல்லி மிரட்டாதீர்கள். கூகுள் கிளாஸை எடுத்துக்கொள்ளுங்கள், திரை வலது கண்ணுக்கு மட்டும்தான். அவர்கள் எல்லாம் முட்டாள்களா?

இடக்கைக்காரி:
அந்த கூகுள் கிளாஸ் விற்பனையைத்தான் 2023 மார்ச்சில் நிறுத்திவிட்டார்களே சார். இதே மாதிரிக் கருவிகளான ரியல்வேர், வூசிக்ஸ் எம்400 இரண்டையும் எந்தக் கண்ணுக்கும் மாற்றிப் போடலாம். வலது கண் போதும் என்றால் அந்த மாற்று வசதிக்கு அவர்கள் ஏன் மெனக்கெட வேண்டும்? அப்புறம், நான் இடக்கை, என் கண் வலது. உங்கள் விதிப்படி நான் எங்கே மாட்டுவது?

பழைய ஃபிட்டர்:
மேடம், நான் வலக்கைக்காரர்களைப் பற்றித்தான் எழுதினேன். நிதானமாகப் படியுங்கள். கூகுள் விற்பனையை நிறுத்தியதற்குக் காரணம் வலது கண் என்று நீங்கள் நிரூபித்தால் வரியை எடுத்துவிடுகிறேன்.

சும்மா வந்தேன்:
ஒரு சந்தேகம். இதில் லென்ஸே கிடையாது. ஹெல்மெட்டில் ஒரு கொம்பு, கொம்பு நுனியில் ஒரு குட்டித் திரை. இதை எதற்குக் கண்ணாடி என்கிறோம்? முதலில் அதை முடிவு செய்துகொண்டு பேசலாமே?

கொதிகலன் குமரன்:
கண்ணாடியோ கொம்போ, அது இருக்கட்டும். அண்ணனிடம் ஒரே கேள்வி. நீங்கள் ஒரு தடவையாவது அந்த முக்கோணத்தைப் பிடித்துப் பார்த்ததுண்டா?

பழைய ஃபிட்டர்:
எனக்கு எதற்கு? எனக்குத்தான் திரை தெளிவாகத் தெரிகிறதே. ஆமாம், உங்கள் பையன் மாட்டியது எந்த மாடல்?

கொதிகலன் குமரன்:
மாடலையும் எழுத மாட்டேன், கம்பெனியையும் எழுத மாட்டேன். எனக்கு வேலை வேண்டும்.

பழைய ஃபிட்டர்:
வந்துவிட்டதா! மாடலே சொல்லாதவர் சாட்சி சொல்ல வந்திருக்கிறார். பம்ப் பேரிங் இழையிலும் இப்படித்தான். வைப்ரேஷன் ரீடிங் கேட்டேன், "ஃபைல் ஆபீஸில் இருக்கிறது" என்றார். ஃபைல் இன்னும் ஆபீஸிலேயே இருக்கிறது.

கொதிகலன் குமரன்:
அந்த பேரிங் பத்தே நாளில் போயிற்று. நீங்கள்தான் "இன்னும் ஆறு மாதம் ஓடும்" என்றீர்கள். அதைப் பேசுவோமா?

இன்ஸ்ட்ரு மணி:
பேரிங்கை விடுங்கள் இரண்டு பேரும். நான் என்சிசியில் .22 ரைபிள் சுட்டவன். வலது தோளில் கட்டை, ஓங்கிய கண் இடது. முதல் வாரம் ஒரு குண்டும் அட்டையில் விழவில்லை. சுபேதார்தான் கண்டுபிடித்தார்.

பழைய ஃபிட்டர்:
குறி தவறியவர்கள் எல்லாரும் சொல்கிற சாக்கு.

இன்ஸ்ட்ரு மணி:
இதற்கு மேல் உங்களிடம் மரியாதையாகப் பேச முடியாது அண்ணே.

ஜுபைல் பாய்:
கண்ணைப் பற்றியே எவ்வளவு நேரம்? இங்கே கம்ப்ரஸர் ஹவுஸில் என் பிரச்சினை குரல். ரியல்வேரின் எச்எம்டி-1 என்றால் 95 டெசிபெல் சத்தத்திலும் கேட்கும் என்று போட்டிருக்கிறார்கள். நம் ஆட்கள் அதை நம்பாமல் "செலக்ட் ஐட்டம் த்ரீ" என்று மீன் மார்க்கெட்டில் விலை கூவுகிற மாதிரி கத்துகிறார்கள். கத்தினால் உச்சரிப்புக் கோணிப்போகும், கருவிக்குப் புரியாது. சாதாரணமாகச் சொன்னால் உடனே எடுக்கிறது. என்ன சொல்வது என்று மறந்துபோனால் "ஷோ ஹெல்ப்", வழி தெரியாமல் மாட்டிக்கொண்டால் "நேவிகேட் ஹோம்". இந்த இரண்டையும் ஹெல்மெட் உள்பக்கம் எழுதி ஒட்டிக்கொடுத்தேன்.

இடக்கைக்காரி:
உள்பக்கம் எழுதினால் மாட்டிய பிறகு எப்படிப் படிப்பார்கள் பாய்?

ஜுபைல் பாய்:
கழற்றித்தான். சிரிக்காதீர்கள், வேலை நடக்கிறது.

பழைய ஃபிட்டர்:
பாய் சொல்வதில் ஒன்றைக் கவனியுங்கள். குரல் எடுக்கவில்லை என்றால் பூம் சரியான இடத்தில் இல்லை, மைக் வாயைவிட்டு விலகியிருக்கிறது என்று அர்த்தம். ஏன் விலகுகிறது? தப்பான பக்கம் மாட்டுவதால். வலக்கைக்காரன் வலப்பக்கம் மாட்டினால் மைக்கும் சரியாக இருக்கும், கண்ணும் சரியாக இருக்கும். இதை நாலாவது தடவையாகச் சொல்கிறேன்.

ஜுபைல் பாய்:
நான் அப்படிச் சொல்லவே இல்லையே அண்ணே. எங்களில் பாதிப் பேர் இடப்பக்கம்தான் மாட்டுகிறார்கள்.

பழைய ஃபிட்டர்:
அதனால்தான் கத்துகிறார்கள்.

சும்மா வந்தேன்:
கண்ணாடி என்று ஏன் சொல்கிறோம் என்பதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

கொதிகலன் குமரன்:
அண்ணே, கடைசியாக. பையன் இன்று எட்டு மணி நேரம் இடப்பக்கமாகவே மாட்டி வேலை பார்த்தான். மாத்திரை கேட்டு வரவில்லை.

பழைய ஃபிட்டர்:
ஒரு நாளில் என்ன தெரியும்? நானும் ஒரு பேரிங்கைப் பத்து நாள் பார்த்தேன்.

கொதிகலன் குமரன்:
பேரிங்கை விடுங்கள் என்று மணி சொன்னாரே!

புதுப்பையன் 07:
அண்ணன்மார்களே, ஓர் உதவி. ரியல்வேர் நேவிகேட்டர் 500 ஒன்று கையில் கொடுத்திருக்கிறார்கள். வைஃபை பாஸ்வேர்டை ஒவ்வோர் எழுத்தாக வாயால் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. பக்கத்து மேசைக்காரருக்கே பாஸ்வேர்ட் மனப்பாடம் ஆகிவிட்டது. வேறு வழி உண்டா?

இடக்கைக்காரி:
மொபைலில் அவர்களுடைய கம்பேனியன் ஆப்பைப் போட்டு, வைஃபை விவரத்தை அதில் கொடுத்து கியூஆர் எடுங்கள் தம்பி. கருவியில் கான்ஃபிகரேஷன் திறந்து அந்தக் கியூஆரைப் பார்த்தால் போதும், வாயைத் திறக்கவே வேண்டாம். பாஸ்வேர்டையும் முதலில் மாற்றச் சொல்லுங்கள்.

பழைய ஃபிட்டர்:
கியூஆர் இருக்கட்டும் தம்பி. நீங்கள் வலக்கையா, இடக்கையா?